லட்லோவின் பழைய மரவீடுகளைப் படமெடுக்க யோசனை வேண்டும்

தக்கலைக்காரர் எழுதியது

தக்கலையில் 26 வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், பால்காய்ப்பு, பள்ளி ஆண்டு விழா என்று மனிதர்களை எடுத்தே பழகிய கை. எஞ்சினியர்கள் கேட்டால் கட்டி முடித்த வீட்டை எடுத்துக் கொடுப்பேன். கட்டடம் எடுத்த அனுபவம் அதோடு சரி.

மகள் இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டில் நர்ஸாக இருக்கிறாள். போன அக்டோபரில் நானும் வீட்டுக்காரியும் மூன்று வாரம் அங்கே இருந்தோம். அவளுக்கு விடுப்பு கிடைத்த ஒரு நாள் ரயிலில் லட்லோவுக்குக் கூட்டிப் போனாள். அரை மணி நேரப் பயணம்தான். ஷ்ராப்ஷயரில் இருக்கிற பழைய சந்தை ஊர் அது. ஒரு பக்கம் கோட்டை, நடுவில் சந்தைத் திடல், அதிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற தெருக்கள். கருப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நானூறு, ஐந்நூறு வருட வீடுகள். ஃபெதர்ஸ் என்ற 1619ஆம் வருட விடுதியின் முன்னால் கால்மணி நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு செதுக்கு வேலையை மரத்தில் நான் வேறெங்காவது பார்த்திருக்கிறேன் என்றால் அது நம் பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் மேல்தட்டில்தான்.

அன்று 240 படம் எடுத்தேன். ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றுகூட மனதுக்குப் பிடிக்கவில்லை. கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வீடுகளெல்லாம் பின்னால் சாய்ந்து கிடக்கின்றன. சாஃப்ட்வேரில் நிமிர்த்தினேன். நிமிர்ந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டின் வயதே போய்விட்டது, நேற்றுக் கட்டினது போல ஆகிவிட்டது. வெள்ளைச் சுவருக்கு வெளிச்சம் பார்த்தால் மரம் வெறும் கரிக்கோடாகிறது. மரத்துக்குப் பார்த்தால் சுவர் வெளுத்து ஓடிவிடுகிறது. இது போக எல்லாத் தெருவிலும் கார்.

ஜூன் மாதம் மறுபடி போகிறோம், நான்கு வாரம். லட்லோவுக்கு நான்கைந்து தடவையாவது போய்வர நினைக்கிறேன். நிகான் டி750 கேமராவும் 24-70 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ் இரண்டும் இருக்கின்றன. கட்டடம் சாயாமல் எடுக்க உதவுகிற ஷிஃப்ட் லென்ஸ் ஒன்று வாங்கத்தான் வேண்டுமா? எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? பிறத்தியார் குடியிருக்கும் வீட்டைத் தெருவில் நின்று எடுத்தால் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தத் தடவை வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனமில்லை.

கோட்டாறு வாசி எழுதியது

அண்ணாச்சி, ஷிஃப்ட் லென்ஸ் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு வீட்டிலுள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை போய்வரலாம்.

லென்ஸை 24இல் வைத்து, கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி, அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பிடியுங்கள். டி750 திரையிலேயே மட்டம் காட்டும். அப்படிப் பிடித்தால் உங்கள் கண்ணுக்கு மேல் மூன்றடி உயரத்துக்கு நாலடி தள்ளி நின்றால் போதும், உச்சி உள்ளே வந்துவிடும். 40 அடி வீடு என்றால் கண்ணுக்கு மேல் 35 அடி, சுமார் 47 அடி தள்ளி நிற்க வேண்டும். கீழே பாதிப் படம் வெறும் ரோடாக இருக்கும், அதை வெட்டிவிடுங்கள். ஷிஃப்ட் லென்ஸும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது, அகலமான படத்திலிருந்து மேல்பாதியை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. உங்கள் கேமராவில் 24 மெகாபிக்சல். பாதி போனாலும் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போடலாம்.

கோபுரத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு ஊருக்குள் நடக்காது. அங்கே இருக்கிற புனித லாரன்ஸ் ஆலயத்தின் கோபுரம் 135 அடி. நம் சுசீந்திரம் ராஜகோபுரம் 134 அடி. சுசீந்திரத்தில் தெப்பக்குளம் இருப்பதால் தள்ளிப் போய் நிற்க இடமுண்டு. லட்லோ ஆலயத்தை வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை மேட்டுக்குப் போய்விடுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். கட்டடத்தைப் படம் எடுப்பது பதிப்புரிமை (காப்பிரைட்) மீறல் ஆகாது என்று பிரிட்டனின் 1988ஆம் வருடச் சட்டத்தில் 62ஆம் பிரிவு சொல்கிறது. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்திலும் அதே மாதிரி விலக்கு உண்டு. பொது ரோட்டில் நின்று வீட்டின் முகப்பை எடுக்கலாம். ஜன்னலுக்குள் லென்ஸை நீட்டாமல் இருந்தால் சரி. நடைபாதையை அடைத்து ஸ்டாண்டு விரிக்க வேண்டாம்.

இரணியல் ஆசாரி மகன் எழுதியது

தக்கலை அண்ணனுக்கு வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இது என் மனதுக்கு நெருக்கமான விஷயம்.

ஐந்து வருடம் ஷ்ரூஸ்பரியில் வேலை பார்த்தேன். சனிக்கிழமைகளில் லட்லோவுக்கு ரயிலேறிவிடுவேன். என் அப்பா மர ஆசாரி. பலா, அயனி, தேக்கு மூன்றையும் இருட்டில் தொட்டே பிரித்துச் சொல்வார். அவரோடு கழுக்கோல் (ஓட்டுக் கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) இறக்கின பையன் நான். அதனால் அந்த வீடுகளை நான் பார்த்ததே ஆசாரி வீட்டுக் கண்ணால்தான். அண்ணன் சொன்ன மூன்று குறைகளில் முதலாவதுதான் பெரியது, அதை முதலில் சொல்கிறேன்.

ரசமட்டத்தைக் கேமராவுக்குப் பிடியுங்கள், வீட்டுக்குப் பிடிக்காதீர்கள். அந்த வீடுகள் உண்மையிலேயே கோணல். அவர்கள் கட்டினது ஓக் மரத்தில், அதுவும் வெட்டின ஈரத்தோடு. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. பச்சையாகவே அறுத்து, செதுக்கி, துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்துச் சட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு வருடக்கணக்கில் அது நின்ற நிலையிலேயே காயும். காயக் காய முறுகும், வளையும், மூட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நம் ஆட்கள் மரத்தை அறுத்துக் காயப்போட்டு, ஆறின பிறகு தொடுவார்கள். அதனால் நமக்குக் கோணல் என்றாலே பழுது என்று தோன்றுகிறது. அங்கே கோணல் என்பது மரம் காய்ந்த கதை. சாஃப்ட்வேரில் வீட்டின் மூலைக்கோட்டைப் பிடித்து நிமிர்த்தும்போது அந்தக் கதையைத்தான் அழித்துவிடுகிறீர்கள். படத்தில் வயது போய்விட்டது என்று நீங்களே சொன்னீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

கேமரா மட்டமாக இருந்தால் நிமிர்த்தவே வேண்டாம். கொஞ்சம் நிமிர்த்தியே ஆக வேண்டும் என்றால் பக்கத்திலிருக்கும் செங்கல் வீட்டின் சுவரையோ மழைத்தண்ணீர்க் குழாயையோ அளவாக வையுங்கள். அது நேராகட்டும். மரவீடு அதன் பாட்டுக்குச் சாயட்டும்.

சில வீடுகளில் மேல் மாடி, கீழ்த்தளத்தைத் தாண்டி ஒன்றரை இரண்டு அடி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பத்மநாபபுரத்தில் அம்பாரி முகப்பு வெளியே துருத்தி நிற்கிறதல்லவா, அதை ஒரு வீட்டின் அகலத்துக்கும் இழுத்துவிட்டது மாதிரி. இதை எதிரே நின்று எடுத்தால் தட்டையாகிவிடும், நீட்டலே தெரியாது. சுவரை ஒட்டி நடந்து போய், தெருவின் நீளவாக்கில் பாருங்கள். மாடியின் அடியில் வரிசையாக உத்திரத்தின் முனைகள் தெரியும். 85 லென்ஸ் அதற்கு அருமை.

ஒரு படத்தைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். பிராட் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கதவு நிலை ஒன்று. காலை பத்து மணி வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. நிலைக்காலும் மேல் உத்திரமும் சேருகிற இடத்தில் இரண்டு மர ஆணிகள், அரை விரல்கடை வெளியே துருத்திக்கொண்டு. ஆணித் தலை வட்டமாகக்கூட இல்லை, உளியால் எட்டுப் பட்டையாகச் சீவினது அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உளியால் கீறின கோடுகள், மூன்று நேர்க்கோடும் ஒரு குறுக்குக் கோடும். அது எண். பட்டறையில் தரையில் வைத்துச் சட்டம் பொருத்தி, பிரித்து, இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டும்போது எந்த மரம் எந்தத் துளைக்கு என்று தெரிவதற்காகப் போட்டது. என் அப்பாவும் கழுக்கோலில் இப்படித்தான் கீறுவார். அந்த நிலையைத் தொட்டுக்கொண்டு நின்றபோது அப்பாவின் கையைத் தொட்டது போல இருந்தது. வீட்டை முழுசாக எடுத்த படங்கள் பலவற்றை அழித்துவிட்டேன், இந்த ஒரு படம் இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது. நாலு வாரத்தில் அண்ணன் பத்து முகப்பு எடுத்தால், இருபது மூட்டு எடுங்கள்.

இனி வெளிச்சம். நம்மூர்க் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். நமக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாயும். அங்கே உச்சி வெயில் எந்நாளும் தெற்கேதான். ஜூனிலும் உச்சியில் சூரியன் 61 பாகைக்கு மேல் ஏறாது. டிசம்பரில் வெறும் 14. வடக்கு பார்த்த சுவருக்குக் கோடையில் விடியலிலும் அந்தியிலும் மட்டும் சாய்ந்த வெயில் கொஞ்சம் கிடைக்கும், குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. ஜூனில் ஐந்து மணிக்கு முன்னாலேயே விடிந்து, ராத்திரி ஒன்பதரைக்குத்தான் அடையும். நேரம் தாராளமாக இருக்கிறது.

பிராட் தெரு வடக்கிலிருந்து தெற்காகச் சரிவாக இறங்குகிறது. தலைமாட்டில் பட்டர்கிராஸ், கால்மாட்டில் பழைய மதில்வாசல். ஏழு வாசல்களில் மிச்சம் நிற்பது அது ஒன்றுதான். பட்டர்கிராஸ் 1740களில் எழுந்த கல் கட்டடம், தூண்களுக்கு நடுவே வெண்ணெய் விற்ற இடம். நம் கோட்டாறு கம்பளம் என்கிற சந்தையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு மூலை இருப்பது மாதிரி என்று வையுங்கள். அதன் முகம் தெற்கே பார்த்தது. ஜூனில் அங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தில் ஒன்றேகாலுக்கு வரும், அந்த நேரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் மேற்கு வரிசை வீடுகளுக்குக் காலை எட்டரைக்கு மேல். அதற்கு முன்னால் எதிர்வரிசையின் நிழல் மேலே கிடக்கும். கிழக்கு வரிசைக்குச் சாயங்காலம் ஐந்தரை, ஆறு. ஏழு மணிக்கு மேல் டீம் ஆற்றைத் தாண்டி விட்கிளிஃப் மேட்டில் ஏறிவிடுங்கள். கோட்டை, கோபுரம், கூரைகள் எல்லாம் மேற்கு வெயிலில் உங்களைப் பார்த்து நிற்கும்.

காருக்கு ஒரே மருந்து ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே போவது. ரயில் அந்நேரம் கிடைக்காது, சனி ராத்திரி அங்கேயே தங்கப் பாருங்கள். முழுசாக ஒழியாது, குறையும். மிச்சம் இருப்பதை விட்டுவிடுங்கள். சந்தை நாளில் திடல் முழுக்கக் கடை விரித்திருப்பார்கள், அன்றைக்குக் கூட்டத்தோடு எடுங்கள். சந்தைக்காகவே உண்டான ஊர், ஆளில்லாமல் எடுத்தால் பாதி ஊர்தான்.

கருப்பு மரம், வெள்ளைச் சுவர் சிக்கலுக்கு வருகிறேன். மேகம் மூடின நாளைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அதற்குப் பஞ்சமே இல்லை. வெயிலில் இரண்டும் ஒரே படத்தில் அடங்காது. ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, வெள்ளைச் சுவரில் ஸ்பாட் மீட்டர் வைத்து, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டுங்கள். சுவரின் சுண்ணாம்புச் சொரசொரப்பு நிற்கும். பிறகு இருட்டை மட்டும் ஏற்றினால் மரத்தின் ரேகை வெளிவரும். மழை விட்ட கையோடு எடுத்தால் இன்னும் நல்லது, நனைந்த ஓக்கில் வெடிப்பெல்லாம் எழுந்து தெரியும். இன்னொன்று, அந்தக் கருப்புச் சாயம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவின பழக்கம். அதற்கு முன்னால் ஓக் அதன் இயல்பான சாம்பல் நிறத்திலோ சுண்ணாம்பு பூசியோ இருந்தது. சாயம் பூசாத வீடுகளும் உண்டு, தேடி எடுங்கள். வெளிச்சப் பிரச்சினையே அங்கே இராது.

செங்கல் முகப்பு வீடுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் நாகரிகத்துக்காக முன்னால் செங்கல் சுவர் எழுப்பி, பின்னால் பழைய மரச்சட்டத்தை அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர். பக்கச் சந்துக்குள் நுழைந்து பார்த்தால் செங்கல் முடிந்து மரம் தொடங்குகிற இடம் தெரியும். அந்த மூலை ஒன்றிலேயே இரண்டு காலம் நிற்கிறது.

அந்த ஊரில் சுமார் ஐந்நூறு கட்டடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. 1947 முதல் சட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்ற வேண்டுமென்றால் சொந்தக்காரரே அனுமதி கேட்க வேண்டும். நம்மூரில் அப்பா 1970களில் வேலை செய்த ஓட்டு வீடு ஒன்றை மூன்று வருடம் முன்பு இடித்து, அயனி உத்திரங்களை லாரியில் ஏற்றினார்கள். நான் போனபோது தரை மட்டும்தான் இருந்தது. ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அண்ணன் ஜூனில் போவதற்கு முன்னால் கைப்பழக்கத்துக்கு என்று வேறெங்கும் அலைய வேண்டாம், தக்கலையைச் சுற்றியே ஓட்டு வீடுகள் இருக்கின்றன. பத்மநாபபுரம் கோட்டைக்குள் தெருக்களில் நடங்கள். நான் சொன்ன எல்லாவற்றையும் அங்கே செய்து பார்க்கலாம்.

குழித்துறைக்காரி எழுதியது

அண்ணே, எனக்குக் கேமரா கிடையாது, செல்போன்தான். ஆனால் நானும் ஒரு தடவை அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஆலயத்துக்குள் பாடகர் இருக்கைகளைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். மடக்கு இருக்கைகள், தூக்கினால் அடிப்பக்கத்தில் மரச் செதுக்கல். நீளமான ஆராதனையில் நின்றுகொண்டே சாய்ந்துகொள்ள ஒரு தாங்கல், அதன் அடியில் ஆளும் மிருகமும் அன்றாட வேலையுமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டு வேலை. முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் நேராகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் பள்ளம் மேடு எல்லாம் செத்துவிடும், ஜன்னல் வெளிச்சம் போதும். ஸ்டாண்டு வைக்க வேண்டுமென்றால் வாசலில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்போனில் எடுப்பவர்களுக்கு: அகல லென்ஸுக்குப் போகாதீர்கள், ஓரத்து வீடுகளை இழுத்துவிடும். சாதாரண லென்ஸிலேயே பின்னால் தள்ளிப் போங்கள்.

தக்கலைக்காரர் எழுதியது

எல்லோருக்கும் நன்றி. ஷிஃப்ட் லென்ஸ் யோசனையை விட்டுவிட்டேன்.

இரணியல் தம்பி எழுதினதை வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டினேன். அடுத்த ஞாயிறே கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அரண்மனைக்குத் திங்கள்தான் விடுமுறை, ஞாயிறு கூட்டம் அதிகம், மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அடைத்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கோட்டைக்குள் தெருக்களில் நடந்தேன். 26 வருடமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், கல்யாண ஜோடிகளை அரண்மனைக்குக் கூட்டி வந்து எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். அந்தத் தெருக்களில் ஒரு வீட்டைக்கூட வீடாகப் பார்த்து எடுத்ததில்லை.

ஒரு பழைய ஓட்டு வீட்டின் திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேட்டேன், தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றடிக்கு நாலடி கணக்கில் நின்றேன், சரியாக வந்தது. பிறகு 85ஐ மாட்டிக்கொண்டு தூணும் உத்திரமும் சேருகிற இடத்தைத் தேடினேன். தூணின் தலையிலிருக்கும் போதிகையின் அடியில், கரையான் தின்ற மரத்துக்குப் பக்கத்தில், மர ஆணி ஒன்று. அதன் தலையில் சுத்தியல் பட்ட நசுங்கல்கூடத் தெரிகிறது. திரையில் பெரிதாக்கிப் பெரியவருக்குக் காட்டினேன். பிறந்ததிலிருந்து இந்தத் தூணில் சாய்ந்து உட்காருகிறேன், இதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். உள்ளே கூப்பிட்டு மச்சுக்கு ஏறுகிற ஏணியையும் காட்டினார்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. உள்ளே இருட்டு, ஜன்னல் வழியாக மட்டும் வெயில். இரண்டையும் எப்படிப் பிடிப்பது? லட்லோ ஆலயத்திலும் இதே சிக்கல் வரும் என்று தோன்றுகிறது.

இரணியல் ஆசாரி மகன் எழுதியது

அண்ணே, ஸ்டாண்டில் வைத்து, லென்ஸ் திறப்பை (அப்பர்ச்சர்) எட்டில் நிறுத்தி, ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றி ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கும்போது இருட்டு மூலையை முழுசாக வெளிச்சமாக்க வேண்டாம், அந்த அறையில் நீங்கள் நின்றபோது எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவே போதும்.

அந்தப் பெரியவர் வீட்டு ஆணிப் படத்தை இங்கே போடுங்கள். அப்படியே ஒரு பிரிண்ட் எடுத்து அவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், ஜூனுக்கு முன்னால்.